எச்சில் கம்பி

ஆஸ்பத்திரியின் முன்பக்கம் கண்ணாடியும் குளிர்சாதனமுமாகப் பளபளவென்று இருந்தது. இதயப் பிரிவு மட்டும் பின்னால், பழைய கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவில் கூரை போட்ட நீண்ட நடைபாதை. என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"இங்கேயுமா?" என்றார் திரும்பிப் பார்த்து.

"வாளித் தண்ணிய மாத்தாமலே தரையைத் தொடைச்சிருக்காங்க. ஈரத் துணி நாத்தம் வருது பாருங்க."

"எனக்கு ஒண்ணும் வரல. சிகிச்சை உனக்கு நெஞ்சுலயா, மூக்குலயா?"

அவர் என்னை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்தில் 'மூக்கம்மா'. உணவகங்களின் சமையலறைகளைச் சோதனை போடுவது என் வேலை. வாசலில் நின்றபடியே, உள்ளே கொதிக்கிற எண்ணெய் புதியதா, பலமுறை காய்ச்சியதா என்று சொல்லிவிடுவேன். பழைய எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. முதலில் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் இறங்கி ஒட்டிக்கொள்ளும், எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் போகாது.

எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். கணவர் குடித்த டம்ளரில் நான் குடித்ததில்லை. அவர் கடித்த பழத்தை வாங்கித் தின்றதில்லை. இதற்காக இரண்டு வீட்டிலும் என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். ஒருவர் வாயில் பட்டது இன்னொருவருக்குள் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

என் இதயம் காலை வாரிவிட்டதும் ஒரு சமையலறையில்தான். ஒரு விடுதியில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. எண்ண முடியாத வேகம். கண் இருட்டியது. விழித்தபோது அந்தப் பிசுபிசுத்த தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். மயங்கி விழுந்ததைவிட அந்தக் கன்னம்தான் என்னை வதைத்தது. வீட்டுக்கு வந்து தேய்த்த தேய்ப்பில் தோலே உரிந்துவிட்டது.

டாக்டர் இதயத்தின் மின்சாரத்தை மட்டும் பார்க்கிறவர். குட்டையாக, கலகலப்பாக, எப்போதும் அவசரத்தில் இருந்தார். ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"பிறவியிலேயே உங்க இதயத்துல ஒரு குறுக்குவழி இருக்கு. கரண்ட் அதுல புகுந்து சுத்திச் சுத்தி ஓடுது. தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு கம்பியை மேல ஏத்துவோம். அந்த எடத்தக் கண்டுபிடிச்சு, நுனியால சூடு வச்சுக் கொன்னுடுவோம். அவ்வளவுதாம்மா. மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்."

"கம்பி புதுசா டாக்டர்?"

"எல்லாமே கிருமி நீக்கினதுதாம்மா."

நான் கேட்டது அதுவல்ல. எண்ணெய் புதுசா என்று கேட்டால், "சமையலறை ரொம்ப சுத்தம் மேடம்" என்பான் கடைக்காரன். அந்தப் பதிலைக் கேட்ட மறுநிமிடம் நான் பாத்திரத்தைத் திறக்கச் சொல்வேன். அன்று சொல்லவில்லை. மறுபடி எங்கேயாவது விழுந்துவிடுவேனோ என்ற பயம் என் வாயைக் கட்டிவிட்டது.

மறுநாள் காலை என்னை அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். குளிர் எலும்பில் ஏறியது. மேசையைச் சுற்றித் திரைகள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கருவிகளுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உயரம், ஒல்லி, வளைந்த முதுகு. அவர்தான் டெக்னீஷியன். மனசுக்குள் அவருக்கு 'ஒட்டடைக்கம்பு' என்று பேர் வைத்தேன்.

முழு மயக்கம் தரவில்லை. தொடையில் மரத்துப்போக ஊசி, தூக்கம் வருகிற மாதிரி கொஞ்சம் மருந்து. கம்பி மேலே ஏறுவது வலிக்கவில்லை. ஆனால் உள்ளே ஏதோ நகர்கிறது என்பது தெரிந்தது. இதயத்தை வேண்டுமென்றே ஓட விட்டார்கள். அந்தப் பழைய படபடப்பு வந்தது. டாக்டர் கம்பியை ஆட்டி ஆட்டித் தேடினார்.

"இங்கதான். சூடு வை."

ஒட்டடைக்கம்பு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். நெஞ்சுக்குள் எரிந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

இதயத்துக்குள் சுட்டால் மூக்குக்கு எப்படி வாடை வரும்? வராது. ஆனால் வந்தது. வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து, நாக்கின் அடிப்பக்கத்திலிருந்து. கருகிய கொழுப்பு, பலமுறை காய்ச்சிய எண்ணெய், அதற்கும் கீழே யாரோ ஒருவருடைய வாய். விளக்காத பல்லும் புகையிலையும் கலந்த ஒரு ஆணின் வாய்.

எனக்குக் குமட்டியது.

"சார், நுனி சூடு ரொம்ப ஏறுது. தண்ணி சரியா வரல" என்றார் ஒட்டடைக்கம்பு.

டாக்டர் கம்பியை வெளியே உருவினார். தலையைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் கரியாக ஏதோ ஒட்டியிருந்தது. பஞ்சுத் துணியால் துடைத்தார். துணியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு கறை இழுபட்டது. கம்பியின் கைப்பிடியில் மார்க்கரால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக இருந்தன. எதை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று மறந்துபோகாமல் இருக்கச் சமையல்காரர்கள் இப்படித்தான் எண்ணெய் டின்னில் கோடு போடுவார்கள்.

"அது... அது பழசு..." என்றேன். நாக்கு குழறியது.

"தூங்குங்கம்மா" என்றார் டாக்டர். துடைத்த கம்பியை மறுபடி எனக்குள் ஏற்றினார்.

எரிந்தது. இன்னும் எரிந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஒரு சத்தம்.

டப்.

சின்னச் சத்தம்தான். சுடுகல்லில் தண்ணீர் பட்டு வெடித்த மாதிரி. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் திரையைப் பார்த்தார். ரத்த அழுத்தம் கேட்டார். எல்லாம் சரியாக இருந்ததும் பெருமூச்சு விட்டார்.

"சார்," என்றார் ஒட்டடைக்கம்பு மெதுவாக. "கீழ புதுசா ஒரு துடிப்பு வருது. இது யாரோடது?"

"யாரோடதுன்னா? உள்ள ஒரே ஆள்தானே இருக்காங்க. ஏதாவது இரைச்சலா இருக்கும், விடு."

அதன் பிறகு படபடப்பு வரவில்லை. எவ்வளவு தூண்டிப் பார்த்தும் வரவில்லை. டாக்டருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் காலையே வாயில் அந்த ருசி இருந்தது. பல் விளக்கினேன். ஈறில் ரத்தம் வரும்வரை விளக்கினேன். போகவில்லை. அடித் தொண்டையில் பசை மாதிரி ஒன்று படிந்துகிடந்தது. காறினேன். அந்தக் காறல் என்னுடையதாக இல்லை. நீளமாக, அடிவயிற்றிலிருந்து, தெருவில் நின்று காறித் துப்புகிற ஆண்பிள்ளையின் காறல். குளியலறைக்கு வெளியே நின்ற கணவர் கதவைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நாந்தாங்க."

"இல்ல... சளி பிடிச்சிருக்கா?" என்றார்.

தொட்டியில் விழுந்திருந்ததைப் பார்த்தேன். மஞ்சளாக, தடிமனாக, நடுவில் மயிர் போல மெல்லிய கறுப்பு இழையோடு. தண்ணீர் ஊற்றினேன். போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் தள்ளிவிட்டு, குச்சியை எறிந்து, கையைக் கழுவி, கழுவிய சோப்பையும் எறிந்தேன்.

அடுத்து நாக்கு. அது சும்மா இருக்கவில்லை. இடது பக்கம் மேலே கடைவாய்க்குப் போய்ப் போய்த் துழாவியது. பல் விழுந்த இடத்தை நாக்கு ஓயாமல் தேடுமே, அப்படி. எனக்கு அங்கே பல் இருக்கிறது, நல்ல கெட்டியான பல். நாக்கு அதை முட்டும், ஏமாந்த மாதிரி நிற்கும், மறுபடி முட்டும். பேசும்போது, படுத்திருக்கும்போது, சாப்பிடும்போது. வேறொருவர் வாயில் பழகிய நாக்கு என் வாய்க்குள் படுத்திருந்தது.

அதை நினைத்து நினைத்து வாந்தி எடுத்தேன். சொந்த நாக்கையே அருவருத்தால் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

வேலைக்குத் திரும்பியதும் ஒரு கடையில் சோதனை. பின்னால் ஒரு தகர டின்னை மூடி வைத்திருந்தார்கள். திறக்கச் சொன்னேன். கறுத்துக் கெட்டித்துப்போன எண்ணெய், மேலே நுரை, நுரையில் செத்துக் கிடந்த பூச்சிகள். குனிந்து மோந்தேன்.

என் வாயில் தண்ணீர் ஊறியது.

குமட்டலால் அல்ல. பசியால். உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தேன். சுட்டுவிரல் தானாக டின்னின் விளிம்புக்குப் போயிருந்தது. கடைக்காரன் என்னை உற்றுப் பார்த்தான். "மேடம், அபராதம் எவ்ளோ போடுவீங்க?" என்றான். நான் பதில் சொல்லாமல் வெளியே ஓடிவந்து, சாக்கடை ஓரம் நின்று ஓங்கரித்தேன். எதுவும் வரவில்லை. உள்ளே இருந்தது வெளியே வர விரும்பவில்லை.

அன்று மதியம் எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க, காட்டு" என்று என் நெஞ்சில் காதை வைத்தார்.

வெயில் நேரம். தெருவில் சத்தமே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெல்ல மெல்ல அவர் நெற்றி சுருங்கியது.

"ரெண்டு கேக்குது" என்றார்.

"என்ன ரெண்டு?"

"ஒண்ணு எனக்குத் தெரிஞ்சது. கல்யாணமான நாள்லேருந்து கேக்கறேன், தெரியாதா? இன்னொண்ணு கனமா, இழுத்து இழுத்து... அதுக்கு நடுவுல..."

"நடுவுல?"

"இருமுது."

சட்டென்று விலகினார். விலகிய வேகத்தில், தன்னை அறியாமல், சட்டை முனையால் காதை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஆயுசு பூராவும் நான் மற்றவர்களுக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாரி மூக்கு. உன்னை இல்ல. சத்தியமா உன்னை இல்ல. அதை."

"என் நெஞ்சு எனக்குத் திரும்ப வேணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஒண்ணு மட்டும், நான் பொறக்கும்போது கொண்டுவந்தது மட்டும் இருக்கணும்."

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஒட்டடைக்கம்பு அந்த வழியாக வந்தார். என்னைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார். எழுந்துபோய் மறித்தேன். என் வேலையில் எத்தனையோ பேரை இப்படி மறித்திருக்கிறேன். எதையோ மறைக்கிறவர் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்கு முன்னாடி அந்தக் கம்பி யாருக்குள்ள இருந்துச்சு?"

மென்று முழுங்கினார். என் கணவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"கழுவி, காஸ் அடிச்சு, பையில போட்டு ஒட்டித்தான் மேடம் எடுப்போம். எல்லாக் கம்பியையும் அப்படித்தான். கிருமி இருக்காது."

"கிருமியக் கேக்கல. ஆளக் கேக்கறேன்."

குரல் தாழ்ந்தது. "நுனியில பொடிப்பொடியா ஓட்டை இருக்கும். அது வழியா உப்புத்தண்ணி வடிஞ்சாத்தான் சூடு தணியும். அவருக்குச் சுடறப்ப சதை கருகி ஓட்டையில அடைச்சுக்கிச்சு. நான் ஊற வச்சேன், பிரஷ் போட்டேன், தண்ணி பீச்சினேன். ஒரு ஓட்டை மட்டும் தெறக்கவே இல்ல. மிச்சதெல்லாம் தெறந்துடுச்சேன்னு விட்டுட்டேன்."

"அவர் என்ன ஆனார்?"

"நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினார். இன்னொரு தடவை, பொறுத்துக்குங்கன்னு சார் சொன்னார். அதுக்கப்புறம்... டேபிள்லயே போயிட்டார்."

நான் கேட்டேன்.

"மேல இடது பக்கம் கடைவாய்ப் பல் இல்லாதவரா?"

ஒட்டடைக்கம்பு சுவரைப் பிடித்துக்கொண்டார். "வாயில குழாய் விட்டது நாந்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தொழில் பண்ணினார்?"

"ரோட்டோரமா வறுவல் கடை."

என் நாக்கு கடைவாய்க்குப் போய் முட்டி நின்றது. ஓட்டையில் அடைத்துக்கொண்டிருந்த அந்த மனிதனின் இதயத் துணுக்கு, டப் என்ற சத்தத்தோடு தெறித்து, என் இதயத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருகிய மிச்சம். செத்தவனின் எச்சில். அது எனக்குள் வேர் பிடித்துத் துடிக்கிறது.

நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் கம்பியைப் பற்றிக் கேட்டோம். பூசி மெழுகினார். ஆனால் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் முகம் மாறியது. இதயத்தின் மேல் அறையில், இயற்கையாகத் துடிப்பு பிறக்கிற இடத்துக்கு மிக அருகில், இன்னொரு இடத்திலிருந்தும் துடிப்பு கிளம்புகிறதாம்.

"சுட்டுடலாம்மா. ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. தப்பான எடத்துல பட்டா உங்க சொந்தத் துடிப்பு போயிடும். அதனால எது உங்களோடதுன்னு உறுதிப்படுத்திட்டுத்தான் கை வைப்பேன்."

"புதுக் கம்பி," என்றேன். "என் கண்ணு முன்னாடி பிரிக்கணும்."

"பிரிக்கிறோம்."

பிரித்தார்கள். மேசையில் படுத்தபடி உறையைக் கையில் வாங்கி, ஒட்டியிருந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, நானே கிழித்தேன். உள்ளே கன்னி கழியாத கம்பி. ஒரு வாடையும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும், அவனைச் சுட்டுவிடுவார்கள். என் வாய் என் வாயாகும். கணவர் பயமில்லாமல் காதை வைப்பார்.

கம்பி மேலே ஏறியது. தலைக்கு எதிரே இருந்த திரையில் இரண்டு கோடுகள் ஓடின. மேல் கோடு ஒன்று, கீழ்க் கோடு ஒன்று. இரண்டும் துடித்தன.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். "ஒரு சின்ன சோதனை. பயந்தா மூளை உங்க சொந்தத் துடிப்பைத்தான் வெரட்டும். அது எகிறும். உபரித் துடிப்பு எதுக்கும் அசையாது. அதனால இப்ப கொஞ்சம் பயமுறுத்தப் போறேன், சரியா?" தடுப்புக்கு அப்பால் நின்ற ஒட்டடைக்கம்பிடம், "நல்லாப் பாரு" என்றார்.

மேசைக்கு அருகே வந்தார். என் முகத்துக்கு நேரே குனிந்தார். ரத்தம் தோய்ந்த கையுறையோடு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, குரலைக் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார்.

"இப்ப சூடு வைக்கப் போறேன். ரொம்ப வலிக்கும். என்ன கத்தினாலும் நிறுத்த மாட்டேன்."

எனக்குப் பயம் வரவில்லை. யார் ரத்தமோ என்று தெரியாத அந்த ஈரம் என் தாடையில் பட்டதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. குமட்டியது. உடம்பு சில்லிட்டு அடங்கியது. மேல் கோடு மெல்லத் தளர்ந்து நடந்தது.

கீழ்க் கோடு எகிறியது.

தறிகெட்டு, மேலும் கீழுமாகத் துள்ளியது. அந்தக் குரலை அதற்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கையுறையைத் தெரியும். இந்த மேசையைத் தெரியும்.

"கெடச்சாச்சு!" என்றார் டாக்டர். "கீழ இருக்கறது இவங்களோடது. மேல இருக்கறதுதான் உபரி. மேல சுடு."

இல்லை. பயந்தது நான் அல்ல. பயந்தது அவன்.

சொல்ல வாயைத் திறந்தேன். அடித் தொண்டையிலிருந்து சளி பொங்கி வாயை நிறைத்தது. சூடாக, கெட்டியாக, புகையிலை வாடையோடு. நாக்கு கடைவாய்க்குள் போய் மடங்கிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை. கைகள் துணிக்கு அடியில் கட்டப்பட்டிருந்தன. திரையில் ஓடிய மேல் கோட்டைப் பார்த்துக்கொண்டே முழு பலத்தையும் திரட்டிக் கத்தினேன்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

வந்த குரல் ஓர் ஆணின் குரல்.

ஒட்டடைக்கம்பு பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.

"சார்... இது அந்த ஆளோட..."

"தொண்டை கட்டியிருக்கு. அழுத்துப்பா."

"சார், ஒரு தடவை யோசிச்சு..."

"அழுத்து! இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா, பொறுத்துக்குங்க."

அழுத்தினார்.

மேல் கோடு முதலில் வேகமெடுத்தது. அடிபட்ட பிராணி ஓடப் பார்க்குமே, அப்படி. பிறகு தடுமாறியது. நின்றது. ஒருமுறை மட்டும் துடித்தது. என் அம்மாவின் வயிற்றுக்குள் தொடங்கியது அது. யாரும் தொடாமலும், யாருடையதும் கலக்காமலும், இத்தனை வருஷம் எனக்காக மட்டும் அடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நேர்கோடாகிவிட்டது.

கீழ்க் கோடு தனியாக ஓடியது. சற்று நேரத்தில் அதன் படபடப்பு அடங்கியது. கனமாக, இழுத்து இழுத்து, வசதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தவனைப் போல அடிக்க ஆரம்பித்தது.

"சூப்பர்" என்றார் டாக்டர். "ஒரே துடிப்பு. சுத்தமா இருக்கு."

வார்டில், பெரிய ஜன்னலுக்கு அருகே எனக்குக் கட்டில். கணவர் ஓடிவந்தார். யாரையும் கேட்காமல் நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுதான் கேக்குது. போயிடுச்சு மூக்கு. போயிடுச்சு!"

என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழ வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் நெஞ்சு அசையவில்லை. வேற்று மனிதர் வீட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது போல, அதே நிதானத்தில் அடித்தது. இவர் யார் என்று அதற்குத் தெரியாது. இது என் சத்தம் இல்லையே, இத்தனை வருஷம் கேட்டவருக்கு வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்க நினைத்தேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மானிட்டரில் துடிப்பின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அவர் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஏறியது. கருவி கூவியது. அவர் சிரித்தார்.

"என்னம்மா, இன்னும் என்னைக் கண்டா பயமா?"

"எனக்குப் பயமில்ல டாக்டர்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து நீளமாகக் கிளம்பி வந்தது. வாய் நிறையக் கெட்டியாக, கருகிய ருசியோடு திரண்டது. கணவர் அவசரமாகத் தட்டை எடுத்து என் தாடைக்குக் கீழே நீட்டினார்.

"துப்பும்மா. அடக்காதே, துப்பு."

இதுவரை சொன்னதில் எங்கெங்கே குமட்டியது, எங்கே ஓங்கரித்தேன் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தட்டைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு வாயை மூடி, நாக்கால் ஒருமுறை புரட்டி, மெதுவாக விழுங்கினேன்.

நன்றாக இருந்தது.